தட்டான்களைப் படமெடுத்தல்: கண் தெளிகிறது, வால் மங்குகிறது. என்ன செய்யலாம்?

சூலூர்க்காரன்

அனைவருக்கும் வணக்கம். ஆறு மாதங்களாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சூலூர்ப் பெரிய குளத்தின் கரையில் தட்டான்களையும் ஊசித்தட்டான்களையும் படமெடுத்து வருகிறேன். என்னிடம் இருப்பவை ஏபிஎஸ்-சி அளவு உணரி (படத்தைப் பதியும் சில்லு) கொண்ட பழைய கேனான் கேமராவும் 55-250 லென்ஸும் மட்டுமே. முக்காலி கிடையாது.

எடுத்த படங்களில் திரும்பத் திரும்ப மூன்று குறைகளைப் பார்க்கிறேன். கண்கள் தெளிவாக விழுந்தால் வால் மங்கிவிடுகிறது. முழுச் சிவப்பாக இருக்கும் தட்டான், படத்தில் கோடும் மடிப்பும் இல்லாத சிவப்புத் திட்டாக வந்து நிற்கிறது. ஒரு மீட்டர் தொலைவுக்குள் நெருங்குவதற்குள் பெரும்பாலானவை பறந்துவிடுகின்றன. சிறு பொருள்களை நெருங்கி எடுக்க உதவும் 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் வாங்கினால் எல்லாம் சரியாகும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அதன் விலையோ என் இரண்டு மாதச் சம்பளத்தை நெருங்குகிறது. வாங்கத்தான் வேண்டுமா?

இன்னொரு வருத்தமும் உண்டு. இனம் காண உதவுமாறு படங்களைப் பகிர்ந்தால், "இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது" என்ற பதிலே அதிகம் வருகிறது. என் கண்ணுக்கு நன்றாக இருக்கும் படத்தில் அவர்களுக்கு என்ன போதவில்லை என்பது புரியவில்லை.

நீர்க்கரை

வணக்கம் தம்பி. அம்பாசமுத்திரம் பக்கத்து வாய்க்கால்களில் பன்னிரண்டு ஆண்டுகளாக இதே வேலையைச் செய்து வருகிறேன். லென்ஸ் வாங்குவதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நீங்கள் சொல்லும் சிவப்புத் தட்டான் பெரும்பாலும் குரோக்கோதெமிஸ் செர்விலியாவாக இருக்கும். தலை முதல் வால் நுனி வரை அதன் நீளம் சுமார் 40 மில்லிமீட்டர். உங்கள் கேமராவின் உணரி ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் அகலம். ஆகவே பாதி அளவு உருப்பெருக்கத்திலேயே (உணரியில் விழும் உருவம் உண்மை அளவில் பாதி) தட்டான் சட்டகத்தை நிறைத்துவிடும். மேக்ரோ லென்ஸ் தரும் முழு அளவு உருப்பெருக்கத்தைப் பயன்படுத்தினால் தட்டானின் பாதி உடல் படத்துக்கு வெளியே போய்விடும். முகத்தை மட்டும் எடுக்க விரும்பும் நாள் வரும்வரை அந்தச் செலவு தேவையில்லை.

அதற்குப் பதிலாக, உங்கள் லென்ஸின் முன்புறத்தில் திருகி மாட்டும் 2 டயாப்டர் (வில்லையின் திறனைக் குறிக்கும் அலகு) குளோஸ்-அப் வில்லை ஒன்றை வாங்குங்கள். லென்ஸை முடிவிலியில் வைத்தால், எந்தக் குவியத் தொலைவிலும் 50 சென்டிமீட்டரில் இருக்கும் பொருள் தெளியும். 250-இல் வைத்தால் சரியாகப் பாதி அளவு உருப்பெருக்கம் கிடைக்கும். ஒற்றைக் கண்ணாடியால் ஆன மலிவு வில்லைகளில் சிறகின் ஓரங்களில் ஊதாவும் பச்சையுமாக நிறக்கசிவு தெரியும் என்பதால், இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த வகையைக் கேட்டு வாங்குங்கள். கேனான் 500டி என்பது அப்படிப்பட்ட வில்லை. அதே பெயரில் ஒரு கேமராவும் இருப்பதால் கடையில் விளக்கிக் கேட்க வேண்டியிருக்கும். ரேனாக்ஸ் டிசிஆர்-250 போன்ற 8 டயாப்டர் வில்லையை இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். அதை மாட்டினால் பன்னிரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு நெருங்க வேண்டியிருக்கும்; வெயில் ஏறிய பிறகு எந்தத் தட்டானும் அவ்வளவு நெருக்கத்துக்கு இடம் கொடுக்காது.

இனி வால் மங்குவது பற்றி. பாதி அளவு உருப்பெருக்கத்தில் லென்ஸ் துளையை எஃப் 11-க்குச் சுருக்கினாலும் தெளிவின் ஆழம் (முன்பின்னாகத் தெளிந்து விழும் தடிமன்) இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டாது. எந்த லென்ஸ் வாங்கினாலும் இதுவே நிலை. துளையை எஃப் 22 வரை சுருக்கினால் ஒளி விலகிச் சிதறி, படம் முழுவதுமே மென்மையாகிவிடும். ஆகவே அந்த இரண்டரை மில்லிமீட்டரை உடல் நெடுகப் படுக்க வைப்பதுதான் கைப்பழக்கம். உணரியின் தளமும் தட்டானின் உடலும் இணையாக இருக்க வேண்டும். படத்தை எடுப்பதற்கு முன், தலைக்கும் வால் நுனிக்கும் உங்கள் லென்ஸ் முகப்பிலிருந்து ஒரே தொலைவு இருக்கிறதா என்று கேமராவிலிருந்து கண்ணை விலக்கி ஒரு முறை பாருங்கள். அரை அடி இடப்பக்கம் நகர்ந்தாலே போதும் என்பது பெரும்பாலும் அப்போது தெரியவரும்.

ஊசித்தட்டான்களில் இது எளிது. அவற்றில் பெரும்பாலானவை சிறகுகளை முதுகின்மேல் மடித்து வைப்பதால், பக்கவாட்டில் நின்றால் கண், மார்பு, சிறகு, வால் நான்கும் ஒரே தளத்தில் அமைந்துவிடும். ஆகவே முதலில் ஊசித்தட்டான்களில் பழகுங்கள்.

ஒளிமானி

சிவப்புத் திட்டு பற்றி மட்டும் சொல்கிறேன். அது தெளிவுக் குறையன்று, ஒளியளவின் குறை. குரோக்கோதெமிஸின் ஆண் உடலிலிருந்து வரும் ஒளி ஏறக்குறைய முழுவதும் சிவப்பு. கேமராவின் ஒளிமானி மூன்று நிறங்களையும் சேர்த்துக் கணக்கிடுவதால், பச்சைப் புல்லின் நடுவே அமர்ந்திருக்கும் தட்டானுக்கு ஒளி போதவில்லை என்று கருதிக் கூட்டிவிடும். அப்போது சிவப்பு அலைவரிசை மட்டும் உச்சத்தைத் தொட்டு நிரம்பிவிடுகிறது. நிரம்பிய இடத்தில் கோடும் இல்லை, வாலின் கண்டங்களுக்கு (வளையம் போன்ற பகுதிகளுக்கு) இடையே எல்லையும் இல்லை. மூன்று நிறங்களும் கலந்த ஹிஸ்டோகிராமில் (ஒளியளவின் வரைபடம்) இது தெரியாது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து பாருங்கள்.

தீர்வு எளிது. ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) எடுங்கள். ஒளியளவை மூன்றில் இரண்டு முதல் ஒரு படி வரை குறையுங்கள். நேரடி உச்சி வெயிலைத் தவிர்த்து, மெல்லிய மேகம் மறைக்கும் நேரத்தில் எடுங்கள். அப்படி எடுத்தால் அதன் வயிற்றின் (நாம் வால் என்று சொல்லும் நீண்ட பகுதியின்) முதுகுப்புறம் நெடுக ஓடும் மெல்லிய கருங்கோடு தெரியும். அந்தக் கோடு இனம் காணவும் உதவும். வயிறு சிவந்து மார்பு பழுப்பாக இருக்கும் ஆர்த்தெட்ரம் கிரிசிஸ் என்ற வேறொரு தட்டானையும் இதையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

அகல்விழி

நீர்க்கரை ஐயா சொன்ன கணக்கை ஏற்கிறேன். முடிவை முழுவதும் ஏற்க இயலவில்லை. நான் வால்பாறைப் பக்கம் வசிப்பவள். இங்கே ஓடைக்கரைப் புற்களில் காணும் அக்ரியோக்னெமிஸ் வகை ஊசித்தட்டான்களின் நீளமே சுமார் 20 மில்லிமீட்டர்தான். அவற்றுக்கு முழு அளவு உருப்பெருக்கம் வேண்டும். தெளிவின் ஆழம் அப்போது ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும் என்றாலும், மேக்ரோ லென்ஸின் கூர்மைக்குத் திருகு வில்லை ஈடாகாது. சூலூர்க்காரர் பெரிய தட்டான்களோடு நின்றுவிடப் போவதில்லை என்றால், பணம் சேர்த்துப் பழைய மேக்ரோ ஒன்றை வாங்குவதில் தவறில்லை.

நெருங்குவது பற்றியும் ஒரு சொல். விடியற்காலையில் போங்கள். இரவில் புல்லிலும் நாணலிலும் தொங்கிய தட்டானின் உடல் குளிர்ந்திருக்கும். பறக்கும் தசைகள் வெப்பமடையும்வரை அது எழ முடியாது. பனித்துளிகள் படிந்த கண்களோடு அசையாமல் இருக்கும் அந்த முக்கால் மணி நேரத்தில் முக்காலி வைத்து, மெதுவான திரைவேகத்தில், இயற்கை ஒளியிலேயே எடுக்கலாம். சூரியன் படத் தொடங்கியதும் சிறகுகள் படபடவென நடுங்குவதைக் காண்பீர்கள். அது தசையைச் சூடாக்கும் வேலை. அப்போது விலகி நின்றுவிடுங்கள். பறக்க முடியாத நேரத்தில் நாம் கிளையை ஆட்டிவிட்டால் கீழே விழுந்து, கரிச்சானுக்கோ எறும்புக்கோ இரையாகிவிடும்.

வயல்வரப்பு

எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். விடியலில் எழ முடியாதவர்களுக்காக எழுதுகிறேன். தட்டான்களில் அமர்ந்து காத்திருப்பவை, பறந்துகொண்டே இருப்பவை என்று இரு குணங்கள் உண்டு. இதைத் தெரிந்துகொண்டால் துரத்தும் வேலை மிச்சம். முதல் வகை, ஒரு குச்சியின் நுனியை இருக்கையாக்கிக்கொண்டு, இரைக்காகவோ எதிரியை விரட்டவோ எழுந்து போய், மீண்டும் அதே குச்சிக்கே திரும்பி வரும். பறந்துவிட்டதே என்று பின்னால் ஓடாமல், அந்தக் குச்சியின் அருகே அமர்ந்துவிடுங்கள். அது இல்லாத நேரத்தில் ஓர் அடி முன்னே போங்கள். வந்து அமர்ந்ததும் அசைவை நிறுத்துங்கள். நான்கைந்து முறை இப்படிச் செய்தால், வேண்டிய தொலைவுக்கு அது அறியாமலே வந்துவிடுவீர்கள்.

அதன் கூட்டுக்கண்கள் தலையின் பெரும்பகுதியை மூடியிருப்பதால் ஏறக்குறைய எல்லாத் திசையும் அதற்குத் தெரியும். ஆனாலும் அதைக் கலைப்பது நம் உருவத்தைவிட நம் அசைவுதான். குறுக்காக நடக்காமல் நேராகவும் தாழ்வாகவும் நெருங்குங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழவே கூடாது. நிழல் பட்ட நொடியில் எழுந்துவிடும். நண்பகலில் சில தட்டான்கள் வாலைச் செங்குத்தாகச் சூரியனை நோக்கி உயர்த்திக்கொள்ளும். வெயில் படும் பரப்பைக் குறைத்து உடலைக் குளிர்விக்கும் நிலை அது. இளஞ்சிவப்பு நிற டிரிதெமிஸ் அரோராவை அந்த நிலையில் எடுத்த படம் ஒன்று பல ஆண்டுகளாக என் அறையில் மாட்டியிருக்கிறது.

இரண்டாம் வகையில் நமக்கு நன்கு தெரிந்தது மழைக்காலத்தில் கூட்டமாக வரும் மஞ்சள் தட்டான், பன்டாலா ஃபிளாவெசென்ஸ். "தட்டான் தாழப் பறந்தால் மழை" என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைப் பார்த்துத்தான் என்று நம்புகிறேன். மாலத்தீவில் பணியாற்றிய கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், ஆண்டுதோறும் அக்டோபரில் அங்கே இவை பெருந்திரளாக வந்திறங்குவதைக் கவனித்து, இவை இந்தியாவிலிருந்து கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை செல்கின்றன என்ற கருத்தை 2009-இல் வெளியிட்டார். களத்தின்மேல் வட்டமிடும் அந்த நான்கரை சென்டிமீட்டர் உயிரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடல் நினைவுக்கு வரும். அமர்ந்த நிலையில் எடுக்க வேண்டுமானால், மாலையில் வேலியோரச் செடிகளில் செங்குத்தாகத் தொங்குவதைத் தேடுங்கள்.

பெயர் பற்றியும் ஒரு சொல்: தும்பி என்று பலரும் எழுதுகிறார்கள், தவறில்லை. ஆயினும் சங்கப் பாடல்களில் தும்பி என்பது பூவில் தேன் உண்ணும் வண்டினத்தைக் குறிப்பதால், நான் தட்டான் என்றே எழுதுகிறேன்.

சூலூர்க்காரன்

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. திருகு வில்லையை வாங்குவதாக முடிவு செய்துவிட்டேன். அகல்விழி அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். விடியலில் எழுவது கடினமென்றால், தட்டானைப் பிடித்துப் பத்து நிமிடம் குளிர்பெட்டியில் வைத்து, பிறகு குச்சியில் அமர்த்தினால் அசையாமல் இருக்கும் என்று ஒருவர் எனக்குச் சொன்னார். பரிசு வாங்கும் படங்கள் பலவும் இப்படி எடுக்கப்பட்டவைதாம் என்றும் சொன்னார். இது சரியா?

அகல்விழி

சரியில்லை தம்பி. செய்யாதீர்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன். இதைப் பொதுவில் எழுதுவது இதுவே முதல் முறை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாத அதிகாலையில், எங்கள் பக்கத்துக் குட்டை ஒன்றில் தட்டான் தோலுரித்து வெளிவருவதைக் கண்டேன். நீருக்கடியில் வளர்ந்த இளம் உயிர், கோரைத்தண்டு ஒன்றில் ஒரு சாண் உயரம் ஏறிப் பற்றிக்கொண்டிருந்தது. மார்பின் முதுகுப்புறம் பிளந்தது. முதலில் முதுகு உப்பி வெளியே வந்தது. பிறகு தலை, கால்கள். வால்நுனி மட்டும் பழைய தோலுக்குள் இருக்க, உடல் முழுவதும் பின்புறமாகச் சாய்ந்து தலைகீழாகத் தொங்கியது. இறந்துவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு நீண்ட நேரம் அப்படியே இருந்தது. கால்கள் உறுதிப்படுவதற்கான காத்திருப்பு அது. பின்னர் ஒரே உந்தலில் முன்னோக்கி எழும்பித் தன் வெற்றுத் தோலையே பற்றிக்கொண்டு வாலை உருவிக்கொண்டது. கசங்கிய ஈரத்துணி போலிருந்த சிறகுகள், உடல் திரவம் பாயப் பாய, பால் நிறத்தில் மெல்ல விரிந்தன.

அப்போது ஒரு புல்லிதழ் படத்தில் குறுக்கே விழுந்தது. அதை விலக்கினால் படம் முழுமையாகிவிடும் என்று கையை நீட்டி மடக்கினேன். அந்தப் புல் கோரைத்தண்டோடு பின்னியிருந்ததை நான் கவனிக்கவில்லை. தண்டு அதிர்ந்தது, தட்டான் நீரில் விழுந்தது. எடுத்து மீண்டும் தண்டில் விட்டேன். ஆனால் சிறகுகள் ஒட்டிக் கோணலாகவே உறைந்துவிட்டன. வெயில் வந்த பிறகும் அதனால் எழ முடியவில்லை. தோலுரித்த முதல் சில மணி நேரத்தில் சிறகு எந்த வடிவில் காய்கிறதோ, ஆயுள் முழுவதும் அந்த வடிவம்தான். அந்தப் படங்களை நான் அழித்துவிட்டேன்.

அன்று முதல், சிறகு கண்ணாடித்தாள் போல மினுங்கி, உடல் வெளிறியிருக்கும் புதுத் தட்டானை இரண்டு மீட்டருக்கு அப்பாலிருந்து மட்டுமே எடுக்கிறேன். குளிர்பெட்டியைப் பொறுத்தவரை, உயிருக்கு வரும் தீங்கு ஒருபுறம் இருக்க, படமும் பொய்யாகிவிடுகிறது. கால்கள் பற்றும் விதமும் சிறகுகளின் சாய்வும் இயல்பாக இராது. தட்டானைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது உடனே தெரியும். நான் கலந்துகொண்ட ஒரு போட்டியிலேயே, ஓடை இனம் ஒன்று தோட்டத்து ரோஜாமொட்டில் அமர்ந்திருந்த படத்துக்குப் பரிசு கொடுத்தார்கள். சிறு வயதில் தட்டானின் வாலில் நூல் கட்டிக் கல் தூக்க வைத்தோம். அறியாமல் செய்தது அது. கேமராவோடு அதையே அறிந்து செய்ய வேண்டாம்.

நீர்க்கரை

அகல்விழி எழுதியதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. தம்பியின் நான்காவது கேள்விக்கு வருகிறேன்.

இனம் காண்பவருக்குத் தேவைப்படுவது அழகான ஒரு படமல்ல. சுமாரான மூன்று படங்கள். முதலாவது, மார்பின் பக்கவாட்டுக் கோடுகள் தெரியும் படம். பெண் தட்டான்களில் பல இனங்கள் ஒரே மஞ்சள்பழுப்பாக இருப்பதால், அந்தக் கோடுகள் இல்லாமல் பிரிப்பது கடினம். இரண்டாவது, நேர் மேலிருந்து எடுத்த படம். சிறகு உடலோடு சேரும் இடத்தில் இருக்கும் நிறத்திட்டும், முன்விளிம்பில் நுனிக்கு அருகே இருக்கும் சிறு பொட்டும் அதில் தெரிய வேண்டும். மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் எடுப்பதில்லை: வால் நுனி. ஆணின் வால் நுனியில் இடுக்கி போன்ற உறுப்புகள் உண்டு. அவற்றால்தான் அது பெண்ணின் தலையையோ கழுத்துப் பகுதியையோ பற்றுகிறது. பூட்டுக்கு ஏற்ற சாவி போல இனத்துக்கு இனம் அவற்றின் வடிவம் மாறும். நிறம் வயதோடு மாறும், வெளிறும், நீலப்பொடி பூசிக்கொள்ளும். அந்த வடிவம் மாறுவதில்லை.

நீல ஊசித்தட்டான்களை எடுக்கும்போது வயிற்றின் கண்டங்களை எண்ண முடிகிறதா என்று பாருங்கள். மொத்தம் பத்து. கடைசியில் தெரியும் நீலம் எட்டாவதில் மட்டும் இருக்கிறதா, ஒன்பதாவதிலும் இருக்கிறதா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். இரண்டாம், மூன்றாம் கண்டங்களின் அடியில் புடைப்பு தெரிந்தால் அது ஆண். கண் தெளிந்து வால் மங்கிய உங்கள் படத்துக்கு விடை கிடைக்காததன் காரணம் இப்போது விளங்கும்: அவர்கள் தேடியது நீங்கள் மங்கவிட்ட அந்த நுனியைத்தான்.

நாளையும் இடத்தையும் நீரின் தன்மையையும் குறித்து வையுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் ஏற்றும்போது, கலங்கலான படத்துக்கும் இந்தக் குறிப்புகளால் மதிப்பு வந்துவிடுகிறது. கழிவுநீர் கலக்கும் குளங்களில் ஆரஞ்சு நிறப் பிராக்கிதெமிஸ் கண்டாமினேட்டா ஒன்றே மலிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயரிலேயே மாசு என்ற பொருள் இருக்கிறது. உங்கள் குளத்தில் அது மட்டும் இருக்கிறதா, வேறு எத்தனை இனங்கள் கூட இருக்கின்றன என்பதை ஆண்டுதோறும் எழுதி வைத்தால், நீரின் கதையும் அதில் பதிவாகும்.

ஒளிமானி

ஃபிளாஷ் பற்றி யாரும் எழுதவில்லை. காட்டு நிழலில் அது தேவைப்படும். ஆனால் வெறும் ஃபிளாஷ், கண்களில் இரண்டு வெள்ளைப் புள்ளிகளையும் சிறகில் கண்ணாடி போன்ற பளபளப்பையும் உண்டாக்கும். முன்னால் ஒரு பட்டர் பேப்பரைக் குடை போல வளைத்துக் கட்டினாலே ஒளி மென்மையாகிவிடும்.

ஒரே ஓர் இடத்தில் ஃபிளாஷை நான் பயன்படுத்துவதில்லை. மலை ஓடைகளில் வாழும் நியூரோபேசிஸ் சைனென்சிஸ் என்ற ஊசித்தட்டானின் ஆணுக்குப் பின்சிறகின் மேற்பரப்பு பச்சையாக ஒளிரும். அது சாயத்தால் வரும் நிறமன்று. சிறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. மடித்த நிலையில் பழுப்பாகத் தெரியும் அந்தச் சிறகை, நீரின் நடுவே பாறையில் அமர்ந்து அது நொடிப்பொழுது விரித்து மூடும். சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருக்கட்டும். 1/1000 நொடிக்குக் குறையாத திரைவேகம் வைத்து, அந்த விரிப்புக்காகக் காத்திருங்கள். நான் இரண்டு பருவங்கள் காத்திருந்தேன்.

சூலூர்க்காரன்

மூன்று வாரங்கள் கழித்து வருகிறேன். திருகு வில்லை வந்துவிட்டது. குளத்து மதகின் கருங்கல் சுவரில் ஏதோ அசைவது போலிருந்தது. அருகே சென்று பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. உட்கார்ந்து கல்லையே பார்த்துக்கொண்டிருந்தபோது, கல்லின் ஒரு பகுதி எழுந்து பறந்து, ஒரு சிறு பூச்சியைப் பிடித்துக்கொண்டு மீண்டும் அதே இடத்தில் வந்து ஒட்டியது. சாம்பலும் கருமையும் கலந்த தட்டான். சிறகுகளைக் கல்லோடு கல்லாகப் படியவிட்டிருந்தது. வயல்வரப்பு அண்ணன் சொன்னபடி, அது இல்லாத நேரத்தில் மட்டும் நகர்ந்தேன். அரை மீட்டருக்கு வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. சுவருக்கு இணையாகக் கேமராவைப் பிடித்து, எஃப் 11-இல் எடுத்தேன். கண், சிறகு, வால் நுனி எல்லாம் தெளிந்துவிட்டன. மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வால் நுனியையும் தனித்தனியாக எடுத்து இணைத்திருக்கிறேன். சிறகின் பொட்டு நடுவில் கருப்பாகவும் இரு முனைகளிலும் வெள்ளையாகவும் இருக்கிறது. அப்படி இருப்பது இயல்புதானா, அல்லது ஒளியின் பிரதிபலிப்பா?

நீர்க்கரை

பிரதிபலிப்பு இல்லை தம்பி, அதுதான் அடையாளம். பிராடினோபைகா ஜெமினேட்டா. பாறைக்குழிகளிலும் சிமெண்ட் தொட்டிகளிலும் தேங்கும் மழைநீரிலேயே முட்டையிட்டுப் பெருகும் இனம் என்பதால், அந்த மதகைச் சுற்றிலும் தொட்டி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே சுவரோரம் ஒட்டியிருக்கும் காய்ந்த தோல் கிடைத்தால் அதையும் ஒரு படம் எடுத்து இங்கே இடுங்கள்.